கார் வேலைக்கா, கல்யாணத்துக்கா?

(வில்லியனூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைப்பைப் படித்ததும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் நம் புதுச்சேரிக் கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களில் ஒரு வீட்டில் கார் வாங்கப் போகிறார்கள் என்று செய்தி பரவினால் என்ன நடக்கிறது, யோசித்துப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர் ஒருவர். கருத்துச் சொல்கிறவர்கள் பத்துப் பேர். "ஏழு பேர் உட்கார்ற மாதிரி பாருப்பா, குலதெய்வம் கோயிலுக்குப் போக வேணாமா?" என்பார் சித்தப்பா. "வாங்குறதே வாங்குற, கொஞ்சம் பெருசா வாங்கு, நாலு பேர் பாக்கணும்" என்பார் மச்சான். குலதெய்வம் கோயிலுக்கு வருஷத்தில் எத்தனை முறை போகிறோம்? ஒரு முறை, இரண்டு முறை. மற்ற நாளெல்லாம் அந்த ஏழு இருக்கை வண்டியில் ஒரே ஒருவர் உட்கார்ந்து தட்டாஞ்சாவடிக்கும் கோரிமேட்டுக்கும் போய் வருகிறார். ஆறு காலி இருக்கைக்கும் சேர்த்துப் பெட்ரோல் போடுகிறார், ஆறு காலி இருக்கைக்கும் சேர்த்து மாதத் தவணை கட்டுகிறார்!

நான் சொல்ல வந்தது இதுதான். வேலைக்குப் போகிற முந்நூறு நாளுக்காகக் காரை வாங்குங்கள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வேன் வாடகைக்குக் கிடைக்கும். ஓட்டுநரோடு கிடைக்கும். நீங்களும் நிம்மதியாகப் பின்னால் உட்கார்ந்து வரலாம்.

முதலில் வழியைப் பார்ப்போம். கார் ஓடப்போவது ஷோரூம் கண்ணாடிக்குள் இல்லையே, நம் ரோட்டில்தானே?

வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகரம் பத்து கிலோமீட்டர். பாகூரிலிருந்து இருபது கிலோமீட்டர். தூரம் சின்னதுதான். ஆனால் காலை எட்டரை மணிக்கு மூலக்குளம் தாண்டி, ரெட்டியார்பாளையம் தாண்டி இந்திரா காந்தி சிலைக்கு வந்து சேருகிறவரைக் கேளுங்கள். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கியிருக்கும். பாகூர்க்காரருக்கு வேறு கதை. கன்னியக்கோயில் போய்க் கடலூர் சாலையில் ஏறும்வரை கிராமத்துச் சாலை. ஊருக்கு ஊர் வேகத்தடை. அதில் பாதிக்கு வெள்ளைக்கோடு இருக்காது. அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும், மறு பாதியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வரும். கிழக்கே கடற்கரைச் சாலைக்குப் போனால் மாலை 6 மணிக்கு மேல் வண்டிக்கே அனுமதி இல்லை. பகலில் தலைமைச் செயலகத்துப் பக்கம் நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் ஒரு ஃபைல் முடித்துவிடலாம். ஆக, நீளமான வண்டி நமக்குப் பகை. வயிறு தாழ்ந்த வண்டியும் பகை.

வயிறு என்றேன். அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சொல்கிறேன். ரெனோ க்விட்டுக்கு அது 184 மில்லிமீட்டர். டாடா பஞ்சுக்கு 187. இந்த அளவு இருந்தால் நம் வேகத்தடைகளில் நாலு பேரோடு ஏறி இறங்கலாம். அழகான, தாழ்ந்த செடான் காரை வாங்கியவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் மனைவி மக்களை இறக்கி நடக்கவிட்டுத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மழை. மழையை விட்டுவிட்டு நம் ஊரில் கார் பேச முடியுமா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அந்த வாரத்தில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன! நின்றது கூடப் பெரிய சேதமில்லை. காலையில் தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டுச் சாவியைத் திருகினார்களே, அதுதான் சேதம். காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது விபத்துச் சேதம் இல்லை என்று சொல்லிச் சாதாரண இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு கூடுதல் பாலிசி இருக்கிறது. பல சின்ன வண்டிகளுக்கு அது நகை வாங்குகிற காசு இல்லை, ஒரு குடும்பச் சாப்பாட்டுச் செலவுதான். சங்கராபரணிக் கரையிலும் தென்பெண்ணைக் கரையிலும் இருக்கிறவர்கள் அதை எடுக்காமல் இருக்காதீர்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளுங்கள், கட்டி இழுங்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். எல்லோரும் காத்திருப்பது அதற்குத்தானே?

"எவ்வளவு பட்ஜெட்?" என்று கேட்டால் நாம் வண்டி விலையைச் சொல்கிறோம். ஐந்து லட்சம், ஏழு லட்சம் என்கிறோம். மாதத்துக்கு எவ்வளவு என்று யாராவது சொல்கிறோமா? ஒரு கணக்கைச் சேர்ந்து போடுவோம். பாகூரிலிருந்து போய்வர 40 கிலோமீட்டர். மாதம் 25 வேலை நாள். ஆக 1,000 கிலோமீட்டர். நெரிசலும் ஏசியுமாகச் சின்னப் பெட்ரோல் கார் லிட்டருக்கு 18 கொடுக்கிறது என்று வையுங்கள். விளம்பரத்தில் 24 என்று போடுவார்கள். அது பரிசோதனைக் கூடத்து மைலேஜ், அங்கே மூலக்குளம் கிடையாது. 1,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 55 லிட்டர். கணக்கு எளிதாக இருக்க லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 5,500 ரூபாய். வில்லியனூர்க்காரருக்கு இதில் பாதி, 2,800 ரூபாய்க்குள். நம் பங்க்கில் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால்தான் எல்லையில் உள்ள பங்க்குகளில் விழுப்புரத்துக்காரரும் கடலூர்க்காரரும் வரிசையில் நிற்கிறார்கள்.

இப்போது தவணை. நான்கு லட்சம் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதம் ஏறத்தாழ 8,400. அதையே ஏழு வருஷமாக்கினால் 6,500 சொச்சம். "குறையுதே!" என்று சந்தோஷப்படுகிறோம். ஐந்து வருஷத்தில் மொத்தம் கட்டுவது 5 லட்சத்து 4 ஆயிரம். ஏழு வருஷத்தில் 5 லட்சத்து 49 ஆயிரம். அந்த 45 ஆயிரம் எங்கே போனது? டயர் மாற்ற, பேட்டரி மாற்ற, இரண்டு வருஷ இன்சூரன்ஸ் கட்ட வைத்திருக்க வேண்டிய பணம் அது. தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்ந்து மாதம் 13 ஆயிரம் முதல் 16 ஆயிரம் வரை போகும். இருபத்தைந்தாயிரம் சம்பளம் வாங்குகிற தம்பி புதுக்கார் வாங்கலாமா? என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். பைக்கிலேயே போகட்டும். மழை நாளில் வில்லியனூர் ஸ்டேஷனில் விழுப்புரத்திலிருந்து வரும் ரயிலைப் பிடிக்கட்டும். அதில் வெட்கம் என்ன இருக்கிறது?

வெட்கம் என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. 2008 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சியில் டாடா நானோவைக் காட்டினார்கள். ஒரு லட்சம் ரூபாய்க் கார்! ஒரே ஸ்கூட்டரில் நாலு பேர் போகும் குடும்பத்துக்காகச் செய்த கார். பத்து வருஷத்தில், 2018இல், உற்பத்தி நின்றுபோனது. கோளாறுகள் இருந்தன, தீப்பிடித்த செய்திகள் வந்தன, தொழிற்சாலை மேற்கு வங்கத்திலிருந்து குஜராத்துக்கு மாறியது. எல்லாம் உண்மை. ஆனால் பெரிய காரணம் இன்னொன்று. "இருக்கிறதிலேயே மலிவான கார்" என்று பெயர் எடுத்த வண்டியை வீட்டு வாசலில் நிறுத்த நம் ஆள் தயாராக இல்லை. 1983இல் வந்த மாருதி 800ஐ யாரும் ஏழையின் கார் என்று சொல்லவில்லை. அது கிடைத்தாலே கௌரவமாக இருந்தது. நாம் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இல்லை, வாசலையும் பார்த்து வாங்குகிறோம். தெரிந்துகொண்டு வாங்கினால் தப்பில்லை. அந்தக் கௌரவத்துக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறோம் என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு லட்சம் கையில் இருக்கிறது, மூன்று லட்சம் இருக்கிறது என்பவர்களுக்கு வருகிறேன். பழைய வண்டிதான் உங்கள் வழி. தாராளமாக வாங்கலாம். ஆனால் உழவு மாடு வாங்கப் போன நம் தாத்தாக்கள் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்கினார்களா?

பழைய காருக்கும் பல் இருக்கிறது. முதல் பல், சீட் பெல்ட். ஓட்டுநர் பக்கத்துப் பெல்ட்டை மெல்ல இழுத்துக்கொண்டே இருங்கள். கடைசி முனை வரை இழுங்கள். வெள்ள நீரில் நின்ற வண்டியில் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் ஒரு பழுப்புக் கோடு இருக்கும், விரலால் தடவினால் மண் உதிரும். வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி, வாசனைத் திரவம் தெளித்து வைத்திருப்பார்கள். பெல்ட்டின் அடிமுனையைக் கழுவ மறந்துவிடுவார்கள். இரண்டாவது, கால்மிதியைத் தூக்கி அடியிலுள்ள கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். ஈரம் இருக்கிறதா? சீட்டின் அடியில் தண்டவாளம்போல இருக்கிறதே, அதன் போல்ட்டில் துரு இருக்கிறதா? மூன்றாவது, மீட்டர் 30 ஆயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறது என்றால், தேய்ந்தது ரப்பர், குறைந்தது மீட்டர். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லிப் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

பல் பார்த்தாயிற்று, பத்திரம் பார்க்க வேண்டாமா? நம் நிலப்பரப்பே விசித்திரமானது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை. வில்லியனூரிலிருந்து திருபுவனைக்குப் போகிறவர் நடுவே கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார். அதனால் கடலூரிலும் விழுப்புரத்திலும் இருந்து டி.என். எண் வண்டிகள் நம் பக்கம் விலைக்கு வருவது சகஜம். "அப்படியே ஓட்டுங்க சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்பார் புரோக்கர். கேட்பார்கள். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குப் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வேண்டும். பெயர் மாற்ற 29, 30. கடன் அடைத்ததாக வங்கி கொடுக்கும் 35. இவை கையில் இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய முதலாளியின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியோடு வராது.

எண் பற்றி ஒரு வார்த்தை. நம் பி.ஒய். எண்ணுக்கு ஒரு காலத்தில் கேரளத்தில் பெரிய மவுசு. 2017இல் பல கோடி ரூபாய் சொகுசுக் கார்கள் புதுச்சேரி முகவரியில் பதிவாகிக் கொச்சியில் ஓடுகின்றன என்று செய்தி கிளம்பி, வழக்குகள் வந்தன. வரி இங்கே குறைவு என்பதுதான் காரணம். உண்மையாகவே இங்கே குடியிருக்கும் நமக்கு அந்தக் குறைவு முறைப்படி கிடைக்கிற வசதி.

பழைய டீசல் வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசலில் புகையை வடிகட்டும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட, வேகமான ஓட்டம் வேண்டும். தினமும் பத்துப் பத்து கிலோமீட்டர் நெரிசலில் ஓடினால் அடைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டாம். 2023க்கு முந்தைய பெட்ரோல் வண்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும், ரப்பர்க் குழாய்களை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

நான்கு முதல் ஆறரை லட்சம்வரை செலவழிக்க முடிகிறவர்களுக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் நீளமுள்ள, 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆல்டோ கே10, செலேரியோ, வேகன்ஆர், க்விட், டியாகோ எல்லாம் இந்த வரம்புக்குள் வருகின்றன. வேகன்ஆரில் வேட்டி கட்டிய பெரியவர் குனியாமல் ஏறலாம். எங்கள் பக்கத்தில் அது விற்பதற்கு அதுவே பாதிக் காரணம். சி.என்.ஜி. நல்ல சிக்கனம்தான். ஆனால் பங்க் நீங்கள் போகும் வழியில் இருக்க வேண்டும், டிக்கியில் சிலிண்டர் பாதி இடத்தைப் பிடிக்கும் என்பதும் தெரிய வேண்டும்.

ஆனால் ஒன்றை மெல்லச் சொல்ல மாட்டேன், உரக்கவே சொல்கிறேன். விழுப்புரம் சாலை நான்கு வழிச்சாலையாகிவிட்டது. வேகம் கூடிவிட்டது. 2023இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஆல்டோ கே10க்குக் கிடைத்தது 2 நட்சத்திரம், வேகன்ஆருக்கு 1. பிறகு 2025இல் இவற்றில் 6 ஏர்பேக் கட்டாயமாகச் சேர்த்தார்கள். முன்னேற்றம்தான். ஏர்பேக் கூடியதால் வண்டிக் கூடு பலமாகிவிடாது. 2021இலேயே 5 நட்சத்திரம் வாங்கிய டாடா பஞ்ச் இந்த ஆறரை லட்சத்துக்குள்ளேயே தொடங்குகிறது. தினமும் நான்கு வழிச்சாலையில் போகிறவர் மேல் மாடலின் பெரிய ஸ்க்ரீனையும் அலாய் சக்கரத்தையும் விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் பலமான கூட்டை வாங்கலாமே? ஊருக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு வேகன்ஆர் போதும்.

ஜிப்மரில் இரவுப் பணி முடித்து அதிகாலையில் தனியாக வீடு திரும்பும் செவிலியர் தங்கைகள் இங்கே இருப்பீர்கள். உங்களுக்குக் கார் ஆடம்பரமே இல்லை. உங்களுக்கு ஆட்டோமேட்டிக் வண்டியைச் சொல்வேன். ஏ.எம்.டி. என்கிற சின்ன ஆட்டோமேட்டிக் கியர் மாறும்போது லேசாகக் குலுங்கும், பழகிவிடும். கிளட்ச் இல்லை, முழங்கால் பிழைக்கும்.

எட்டு லட்சத்துக்கு மேல் போகிறவர்களிடம் மின்சாரக் காரைப் பற்றிப் பேசாமல் இறங்க மாட்டேன். "அது டவுனுக்குள்ள ஓட்டுற வண்டி, நம்ம கிராமத்துக்கு எதுக்கு?" என்கிறார்கள். கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. டியாகோ மின்சாரக் கார் 1,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 120 யூனிட் எடுக்கும். யூனிட் ஏழு ரூபாய் என்றாலும் 840 ரூபாய். பாகூர்க்காரர் பெட்ரோலுக்குக் கொடுத்தது 5,500. மாதம் 4,600 மிச்சம், வருஷத்துக்கு 55 ஆயிரம். பெட்ரோல் வண்டியைவிட மூன்று லட்சம் கூடுதல் கொடுத்து வாங்கினாலும் ஐந்தரை வருஷத்தில் திரும்பிவிடும். பேட்டரிக்கு 8 வருஷ உத்தரவாதம் இருக்கிறது. வில்லியனூர்க்காரருக்கு மிச்சம் பாதிதான். அவருக்குப் பதினோரு வருஷம் ஆகும். அவருக்கு லாபமில்லை! தூரத்துக் கிராமத்துக்காரருக்குத்தான் லாபம்.

ஆனால் ஒரு நிபந்தனை. இரவில் வண்டி நிற்கும் இடத்தில் 15 ஆம்பியர் பிளக் வேண்டும், ஒழுங்கான எர்த் வேண்டும். நம்மில் பாதிப் பேர் காரைத் தெருமுனையில், கோயில் வாசலில், பக்கத்து வீட்டுக் காலி மனையில் நிறுத்துகிறோம். அங்கே ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துச் சார்ஜ் போடக் கூடாது. சொந்த வாசலில் நிறுத்த முடியாதவர் மின்சாரக் காரை மறந்துவிடுங்கள். முடிகிறவர் வீட்டு இணைப்பின் அனுமதிச் சுமையை மின்துறையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வண்டியைத் தீர்மானித்துவிட்டீர்கள். ஷோரூமுக்குப் போகிறீர்கள். சோதனை ஓட்டம் தருவார்கள், ஷோரூம் வாசலில் வழுவழுப்பான சாலையில் ஒரு சுற்று. ஒப்புக்கொள்ளாதீர்கள். "என் ஊர் வரைக்கும் போய் வரணும்" என்று கேளுங்கள். மாலை ஆறு மணி நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். வீட்டுத் தெருவில் திருப்பிப் பாருங்கள், ஒரே திருப்பலில் திரும்புகிறதா? பின் சீட்டில் அம்மாவை உட்காரவைத்து வேகத்தடையில் ஏற்றுங்கள்.

பிறகு ஆன்ரோடு விலை என்று ஒரு தாள் நீட்டுவார்கள். வரி, பதிவு, இன்சூரன்ஸ், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "கையாளும் கட்டணம்" என்று ஒன்று, ஆக்சஸரீஸ் என்று ஒன்று. சீட் கவர், கண்ணாடி ஸ்டிக்கர், தரை விரிப்பு என்று பல ஆயிரம். ஆக்சஸரீஸ் கட்டாயமில்லை. இன்சூரன்ஸையும் அவர்களிடமே எடுக்க வேண்டியதில்லை, வெளியில் விலை கேட்டுப் பாருங்கள். அந்தத் தாளை ஒவ்வொரு வரியாக விலை பிரித்து, முத்திரை போட்டு வாங்குங்கள். அதற்குப் பிறகு முன்பணம் கொடுங்கள்.

கேள்விகள் இருக்கும். அண்ணே, மைக்கை முதலில் பெண்கள் பக்கம் கொடுங்கள். பழைய வண்டி பார்த்து வைத்திருக்கிறவர்கள் ஆர்.சி. நகலைக் கொண்டுவந்திருந்தால் கூட்டம் முடிந்ததும் இந்த மேஜைக்கு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.